இசட் இருக்க வேண்டிய இடம்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே மாடித் தரை சுடுகிறது. மழை வரும் என்று போன் சொல்கிறது, மூன்று நாளாக.

லேப்டாப் பாட்டரி உப்பிவிட்டது. டச்பேட் ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. "இது லேப்டாப்பா பூரியா?" என்றான் பிரகாஷ். கல்யாணப் போட்டோ ஸ்டூடியோவில் பக்கத்து நாற்காலி அவன். நெல்லித்தோப்பில் உட்கார்ந்துகொண்டு நான்கு வருடமாக ஊர் மணப்பெண்களை எல்லாம் வெள்ளையாக்குகிறோம். பில்லில் 'கலர் கரெக்‌ஷன்' என்று இருக்கும். பொண்ணைக் கலராக்குவது என்றுதான் எல்லோருக்கும் அர்த்தம். முதல் மாதம் சண்டை போட்டேன். இப்போது ஒரு முகத்துக்கு நாற்பது விநாடி.

23 முதல் வேறு வேலை. கிடைத்தால். பழைய வீடுகளை இடிப்பதற்கு முன் அளந்து, படமெடுத்து வைக்கிற சிறு குழு. வித்யா மேடம் நடத்துகிறார். சொந்த லேப்டாப்போடு போக வேண்டும், எடுத்த இடத்திலேயே எடிட். சுவர் என்ன நிறமோ அதே நிறம் வர வேண்டும், அழகுபடுத்தக் கூடாது என்றார். சுவருக்காவது அந்த மரியாதை.

வேண்டியது:
– எடை 1.2 கிலோவுக்குள் (ஸ்கூட்டி, ஏணி, மொட்டைமாடி)
– ராம் 32
– எஸ்.எஸ்.டி. 1 டி.பி.
– திரை: நிறத்தில் பொய் சொல்லாதது
– அழகு: தேவையில்லை

ஃபிரிட்ஜில் ஒட்டியாயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

கடை. ஏ.சி. மட்டும் நன்றாக இருந்தது. பிரகாஷ் துணைக்கு. கேள்வி கேட்டது நான், விற்பனைப் பையன் பதில் சொன்னதெல்லாம் பிரகாஷுக்கு. கடைசியில் என் பக்கம் திரும்பி, காலேஜ் யூஸா சிஸ்டர் என்றான். ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தான்.

திரை எத்தனை சதவீத நிறம் காட்டும் என்றேன். "கலர் சூப்பரா வரும் சிஸ்டர். செல்ஃபியெல்லாம் அள்ளும்."

ராம் 8 இருக்கிறது, பின்னாடி ஏற்றிக்கொள்ளலாம் என்றான். ஏற்ற முடியாது. இந்த மெல்லிய ரகத்தில் ராம் போர்டோடு பற்றவைத்தது. வாங்கும் நாளில் எவ்வளவோ, சாகும்வரை அவ்வளவு. சொன்னேன். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. பத்து மணி நேரம் நிற்கவைக்கிறார்கள், எதையும் சொல்லித்தருவதில்லை. கோபம் அவன்மேல் நிற்கவில்லை.

நான் கேட்ட 32 ராம் மாடல் கடையில் இல்லை. ஆர்டர் போட்டால் எட்டு நாள். போட்டபின் ரத்து கிடையாது.

யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ஃபிரிட்ஜில் ஒட்டிய பட்டியலை அம்மா போட்டோ எடுத்து, பிரான்சிலிருக்கும் அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். அப்பாவின் தங்கை. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், கையில் லேப்டாப்போடு. அன்பளிப்பாம்.

எதற்கு என்று கேட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஜெரோமுக்கு உன்னப் பாக்குறாங்கடி" என்றாள்.

ஜெரோம் அத்தை மகன். என் பதினோரு வயதில் பார்த்தது. அப்போது அவனுக்கு வெயில் ஆகாது. இப்போது என்ன ஆகும், ஆகாது, தெரியாது. நல்லவனாகக்கூட இருப்பான். இந்த ஊரில் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள பையன் வந்தால் யாரும் வேறெதுவும் விசாரிப்பதில்லை. முறைப் பையன், ரத்த உறவு என்பதால் மாதா கோயிலில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் பங்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்றாம். சாமியாருக்குத் தெரிந்து எனக்குத் தெரியவில்லை.

அப்பா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு தட்டாஞ்சாவடி ஃபாக்டரி ஷிப்டுக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை.

சாப்பிட்டேன். வத்தக்குழம்பு.

ஜூன் 13, வெள்ளி

என் போட்டோ அத்தைக்கு முன்பே போய்விட்டது. அம்மா ஸ்டூடியோவுக்குப் போன் செய்து பிரகாஷிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். 'கொஞ்சம் கலரா.'

அவன் கணினியில் ஃபைலைத் திறந்து பார்த்தேன். கழுத்தும் முகமும் சேரவில்லை. காதுக்குப் பின்னால் என் நிறம் ஒரு விரல் அகலத்துக்கு மிச்சம். காதை விட்டுட்டே என்று மட்டும் சொன்னேன்.

அவன் முகம் சிவந்துவிட்டது. "உங்கம்மா கேட்டாங்க ஸ்டெல்லா. நா இன்னா பண்றது?"

ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆயிரம் அம்மாக்கள் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் பின் அத்தை. மூலக்குளத்தில் எங்கள் வாசல் வெயிலில் காரை விட்டு இறங்கி, "மோந்தியே" என்றாள் நெஞ்சில் கைவைத்து, கடவுளே என்பதைப் பிரெஞ்சில். இரண்டு பெட்டி. சீஸ், சென்ட், லேப்டாப்.

ராம் 64, 2 டி.பி., 990 கிராம். தூக்கினால் கையில் இருப்பதே தெரியவில்லை. திரையில் கறுப்பு கறுப்பாக இருந்தது. என் பட்டியலைவிட எல்லாவற்றிலும் ஒருபடி மேல். கடையில் நான் கேட்கவே துணியாதது. ஆசை வந்தது. மறைத்து என்ன, வந்தது.

அத்தை என்னை உற்றுப் பார்த்தாள். போட்டோவில் பார்த்ததற்கு என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அம்மா உடனே காப்பி என்று எழுந்தாள்.

ஜூன் 16, திங்கள்

ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனேன். பிரெஞ்சு கீபோர்டு. எழுத்துகள் இடம் மாறியிருக்கும், தெரியும். விரலுக்குத் தெரியாது.

மணமேடைப் படம் ஒன்று, இரண்டு மணி நேர வேலை. ஒரு கோடு தவறாகப் போனது. பழைய நிலைக்குத் திரும்ப கண்ட்ரோல் இசட். இசட் இருக்க வேண்டிய இடத்தில் இதில் டபிள்யூ. கண்ட்ரோல் டபிள்யூ என்றால் ஃபைலை மூடு. சேமிக்கவா என்று பிரெஞ்சில் கேட்டது. ப்ளஸ் டூவில் மார்க்குக்காகப் படித்த பிரெஞ்சு. அவசரத்தில் 'நோன்', அதாவது வேண்டாம், அழுத்திவிட்டேன்.

இரண்டு மணி நேர வேலை போயிற்று. திரையில் ஒன்றுமில்லை.

பிரகாஷ் செட்டிங்ஸில் போய் மாற்றிக் கொடுத்தான். இரண்டு நிமிடம். பொத்தானில் அச்சு ஒன்று, திரையில் எழுத்து ஒன்று, அவ்வளவுதான். ஆக, வேண்டாம் என்பதற்குக் கீபோர்டைக் காரணமாகச் சொல்ல முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

அத்தை மிஷின் பிடித்திருக்கிறதா என்றாள். நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள்.

"பழகிடும்டி. மொத வருஷம் அங்க நா தெனம் அழுதேன். இப்ப பழகல?"

"பழகிடும், அத்த. எனக்கு எதுவும் பழகிடும். அதனாலதான் வேணாங்குறேன்."

"எது வேணாம்?" என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து.

லேப்டாப்பை உறையோடு அத்தை பக்கம் நகர்த்தினேன். ஜெரோமையும் சேர்த்துத்தான் என்றேன். குரல் உயரவில்லை. அத்தை சார்ஜர் வயரைச் சுற்றிச் சுற்றி மடித்தாள், ரொம்ப நேரம். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "உங்கப்பனாட்டமே," என்றாள் கடைசியில். அப்பா டி.வி.யைப் பார்த்தபடி, அப்படியெல்லாம் இல்ல, அவளுக்கு வாய் இருக்கு என்றார். இந்த வாரத்தில் அவர் பேசியது அதுதான்.

ஜூன் 18, புதன்

கடை. ராம் 32, 1 டி.பி., நம் கீபோர்டு. தனியாகவே போனேன். சிஸ்டர், 16 போதும்னா இன்னிக்கே எடுத்துட்டுப் போலாமே என்றான் அதே பையன். 23ஆம் தேதியை நினைத்தேன். 16 என்றால் இரண்டு வருடத்தில் திணறும், மறுபடி யாராவது எனக்கு வாங்கித் தர வருவார்கள். 32 போட்டேன். மாதத் தவணை. எட்டு நாள். ரத்து இல்லை.

வித்யா மேடத்துக்குப் போன் செய்தேன். எட்டு நாள் காத்திருக்க முடியாது, இடிக்கிறவன் காத்திருக்க மாட்டான் என்றார். வேறு ஆள் இருக்கிறாராம். அடுத்த வீடு வந்தால் சொல்கிறேன் என்றார்.

சரி மேடம் என்றேன். வைத்துவிட்டேன்.

அம்மா பேசுவதில்லை. தட்டு மட்டும் வைக்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

மேகம். பெய்யவில்லை.

வில்லியனூர்ப் பெண், ரிசப்ஷன், 212 படம். செல்வம் அண்ணன், ஸ்டூடியோ அவருடையது, பின்னால் வந்து நின்று வழக்கம்போல கலர ஏத்திடும்மா என்றார். மாட்டேன் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

"பொண்ணு வூட்ல திட்டுவாங்க."

"திட்டட்டும்ணா."

பிரகாஷ் தன் திரையை விட்டுத் திரும்பவில்லை. வெளிச்சம் சரிசெய்தேன், புடவையின் பச்சை சரிசெய்தேன், முகத்தை விட்டுவிட்டேன். செல்வம் அண்ணன் இன்னும் பின்னால் நிற்கிறார், இதை எழுதும்போதும். எக்ஸ்போர்ட் ஓடுகிறது. 34 சதவீதம்.