அவள் குரலின் மேல் உன் குரல்

அல் குசைஸ், துபாய்
11.2.2024

அன்புள்ள தியாகு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்டால் "அதே மாதிரிதான்" என்கிறாய். அது என்ன மாதிரி என்று ஒரு நாளும் சொல்வதில்லை.

இதைக் கையால் எழுதி, லீவில் ஊருக்கு வரும் கார்மேகம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஃபோனில் எழுதப் பயமாக இருக்கிறது. படித்ததும் கிழித்துவிடு.

உன் சேனலில் பாலஸ்தீனப் பெண்கள் தெருவில் மிட்டாய் கொடுக்கும் வீடியோ போட்டாயே. "யூதர்களைக் கொன்ற சந்தோஷத்தில் இனிப்பு வழங்குகிறார்கள், இவர்கள் பெண்களா?" என்று தமிழில் எழுதி, உன் குரலிலும் பேசியிருந்தாய். மச்சினன் குரல் என்ற பெருமையில் உன் மாமா அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். இங்கே தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்திருக்கிறார்.

தினமும் எங்கள் காரில் என்னோடு பள்ளிக்கு வேலைக்கு வரும் ரீமைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா? அரபி டீச்சர், காஸாக்காரி. "கீழே வந்துவிட்டேன்" என்று சொல்வதற்காக அவளிடம் மாமா நம்பர் உண்டு. அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காரில் ஏறியதும் ஃபோனை நீட்டினாள். தட்டோடு நிற்கும் அந்தப் பெண் அவளுடைய அக்கா. அக்கா மகள் பள்ளியிறுதித் தேர்வில் பாஸான அன்று எடுத்தது, சில வருடங்களுக்கு முன்னால். டிசம்பரில் குண்டு விழுந்து அந்த அக்கா வீட்டோடு போய்விட்டாள். ரீமின் பழைய ஃபோனோடு இந்த வீடியோவும் போயிருந்தது.

"தமிழ்ல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சந்தோஷமா இருக்காங்கன்னு போட்டிருக்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மானில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம். போட்டவரிடம் கேட்டு வாங்கித் தரச் சொல்கிறாள்.

ஸ்டாஃப் ரூமில் அவளுக்குப் பக்கத்து மேஜை ஹிஃப்ஸா, கணக்கு டீச்சர், காயல்பட்டினத்துக்காரி. ஒருமுறை அவளிடம் காட்டினால் போதும். இந்த ஊரில் இது போலீஸ் வரை போகக்கூடிய விஷயம். மாமாவின் வேலை, விசா எல்லாம் போய்விடலாம். ஸ்டேட்டஸை எடுத்துவிட்டார். ஆனாலும் ஃபோன் அடித்தால் திடுக்கிடுகிறார்.

எழுத்தும் உன் பேச்சும் இல்லாத பழைய வீடியோ இருந்தால் அனுப்பு. சேனலில் இருப்பதை எடுத்துவிடு, கண்ணா.

உன் அக்கா,
சந்திரகலா


பொள்ளாச்சி
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் அதே மாதிரி என்றால், எழும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே எழுகிறாள் என்று அர்த்தம்.

அந்த வீடியோ ஒரு குரூப்பில் இந்தியில் வந்தது. நான் தமிழில் சொன்னேன், அவ்வளவுதான். பழையது என்னிடம் இல்லை. அது எந்த வருஷத்து வீடியோ என்று நான் எப்படிக் கண்டேன்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். அக்டோபரில் வீடு புகுந்து கிழவி, குழந்தை என்று பார்க்காமல் கொன்றார்களே, இழுத்துக்கொண்டு போனார்களே, அதற்கு ஒருவர்கூடவா மிட்டாய் கொடுக்கவில்லை? இந்த அம்மா இல்லையென்றால் வேறொரு அம்மா. சொன்ன விஷயம் பொய்யாகிவிடுமா?

துபாய் போய் நீ அவர்கள் ஆளாகிவிட்டாய் என்று சொல்ல வரவில்லை, அக்கா. ஆனால் சொல்லத் தோன்றுகிறது.

நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். எடுத்தால் பயந்துவிட்டான் என்பார்கள். நம் பசங்கள் ஹசன் அலி பிரியாணிக் கடை முன்னால் அதைச் சத்தமாக வைத்து, "பாய், எங்களுக்கு மிட்டாய் இல்லையா?" என்று கேட்கிறார்கள். விளையாட்டுக்குத்தான். அவர் இப்போது சாயங்காலமே ஷட்டரை இறக்கிவிடுகிறார்.

மாமாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்.

தியாகு


அல் குசைஸ்
24.3.2024

அன்புள்ள தியாகு,

ரீமிடம் சொல்லிவிட்டேன். ஹிஃப்ஸா வாயால் தெரிவதற்கு முன் என் வாயால் தெரியட்டும் என்று. நோன்பு மாதம், பள்ளி சீக்கிரம் விட்டுவிடுகிறது. காரில் திரும்பும்போது ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். பேசியவன் என் தம்பி என்பதையும் சொன்னேன். மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"பார்த்தவங்க எல்லாரும் அவளைத் திட்டினாங்களா?" என்றாள்.

பிறகு இன்னொன்று சொன்னாள். அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறானாம், அம்மானில். அக்டோபரில் கடத்தப்பட்ட ஒரு கிழவியின் வீடியோவுக்குப் பாட்டுப் போட்டு, சிரிக்கும் பொம்மைகள் ஒட்டி எல்லோருக்கும் அனுப்பினானாம். எடுத்துவிடு என்றதற்கு, துபாய் சொகுசு உன்னை மாற்றிவிட்டது என்றானாம். அன்றிலிருந்து பேச்சில்லை. தியாகு, அப்போது உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

அங்கேயே இறங்கிக்கொண்டாள். இப்போது பஸ்ஸில் வருகிறாள். புகார் கொடுத்தாளா, கொடுப்பாளா, தெரியவில்லை. யாராவது கதவைத் தட்டினால் மாமா உள்ளே போய்விடுகிறார். நான் திறக்கிறேன். இதுவரை தண்ணீர் கேன்காரர்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளி வராந்தாவில் எதிரே வந்தவள், "வீடியோ?" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

வேறொரு அம்மா மிட்டாய் கொடுத்திருக்கலாம். இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அதற்கு இவள் முகத்தை ஏன் போட்டாய்? ஹசன் அலி யாருக்கு மிட்டாய் கொடுத்தார்?

கல்யாண மண்டபத்தில் நீ மைக்கைப் பிடித்து, "வெள்ளைக் கார்க்காரர் வண்டியை எடுக்கவும்" என்றால், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஆள் எழுந்து ஓடும். உன் குரலை ஊர் கேட்கும். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா


பொள்ளாச்சி
2.5.2024

அக்கா,

எடுத்துவிட்டேன்.

போன வாரம் ஹசன் அலி கடையில் கல் விழுந்தது. நான் அங்கே இல்லை, அதே தெருவில் என் கடையில் ஒரு ஃபோனுக்கு டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் சத்தம் முதலில் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் என் குரல்தான் கேட்டது, "இவர்கள் பெண்களா" என்று. அதற்குப் பிறகுதான் கண்ணாடி உடைந்தது.

அவருக்கு நெற்றியில் தையல். ஆஸ்பத்திரி வரை போனேன். கேட்டிலேயே நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பழைய வீடியோவைத் தேடாத இடமில்லை, கிடைக்கவில்லை. எழுத்தை முடிந்தவரை அழித்திருக்கிறேன். தட்டு கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அவர்கள் பேசியதன் மேல் என் பேச்சு இருக்கிறது, அதை எடுத்தால் சத்தமே இல்லை. சத்தமில்லாமலேயே மெயிலில் அனுப்பியிருக்கிறேன்.

தியாகு


அல் குசைஸ்
19.5.2024

அன்புள்ள தியாகு,

ரீமிடம் கொடுத்தேன். காலி வகுப்பறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு அக்காவின் உதடுகளோடு சேர்ந்து அவள் உதடுகளும் அசைந்தன. "சீக்கிரம் வா ரீம், தீர்ந்துடும்னு சொல்றா. எனக்கு அனுப்பத்தான் எடுக்கச் சொன்னா" என்றாள்.

புகார் கொடுக்கவில்லையாம். "கொடுத்தா போலீஸ்ல எல்லாரும் அக்காவை அந்த எழுத்தோட பார்ப்பாங்க." அவ்வளவுதான் சொன்னாள். எங்கள் காரில் அவள் இனி வரமாட்டாள். மாமா மட்டும் இன்னும் காலையில் அவள் கட்டடத்தின் முன்னால் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

நேற்று நம் குடும்ப குரூப்பில் யாரோ அதே வீடியோவைப் போட்டிருந்தார்கள். நீ எடுத்துவிட்டாய், ஆனால் அது சுற்றிக்கொண்டிருக்கிறது, உன் குரலோடு. அடியில் அம்மா, "தியாகு குரல் நல்லா இருக்கு" என்று எழுதி ரோஜாப்பூ வைத்திருக்கிறாள்.

முதலில் அம்மாவிடம் சொல். பிறகு ஹசன் அலி வீட்டுக்குப் போ. இந்த முறை கேட்டில் நிற்காதே, உள்ளே போ.

உன் அக்கா