சிவப்பு வரிக்குக் கட்டம் இல்லை

கோபமே வராத என் அருமை அக்காவுக்கு,

உனக்கும் சேர்த்து இப்போது நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நீ போனபின் துக்கம் கேட்க உப்பலில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள். விதியாம். ஒரு மாத்திரைக்கு எதற்கு விதி?

முதல் தடவை சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு, உதடெல்லாம் வெந்து, மார்புத் தோல் உரிந்து, எப்படியோ பிழைத்து வந்தாய். நம் ஃபாக்டரி டிஸ்பென்சரி லேடி டாக்டர் உன் மெடிக்கல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார்: இவருக்கு சல்ஃபா இனி ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

அந்தப் புத்தகம் நிரம்பியது. பழையதை ஒப்படைத்தால்தான் புதியது தருவார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா நான். பெயர், டோக்கன் நம்பர், செக்‌ஷன், ரத்த வகை எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். சிவப்பு வரிக்கு அதில் கட்டம் இல்லை.

"எல்லாம் ஏத்திட்டியாடா?" என்று கேட்டாய்.

"கட்டம் இருக்கறதெல்லாம் ஏத்தியாச்சு. போக்கா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு."

அடுத்த மாதம் உனக்கு நீர்க்கடுப்பு. புதிதாக வந்திருந்த டாக்டர் என் அழகான கையெழுத்தைப் பார்த்துவிட்டு அதே சல்ஃபாவை எழுதினார். கம்பவுண்டர் பெயரில்லாத மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். மறுநாளே உன் கண் சிவந்தது. ஒரு வாரத்தில் படுக்கை விரிப்போடு தோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"புஸ்தகத்துல இல்லையே, நான் என்ன பண்ண முடியும்?" என்றார் அந்த டாக்டர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? தம்பி எழுதியிருப்பான் என்று இருந்துவிட்டாயா?

இப்போது ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் ஒத்துக்கொள்ளாத மருந்தை நானே சிவப்பு மையால் எழுதுகிறேன். ஆபீஸ் சொத்தைப் பாழாக்குகிறேன் என்று மெமோ வந்தது. கிழித்துப் போட்டேன். நேற்று ஒரு ஃபிட்டரிடம், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டேன். "கைக்கு பாய், எதுக்கு இத்தனை கேள்வி?" என்று உருது கலந்து கேட்டு முறைத்தார். பதில் சொன்னால்தான் புத்தகம் என்றேன். பிறகு யோசித்துச் சொன்னார், பென்சிலின் ஊசியில் ஒரு தடவை உடம்பெல்லாம் கொப்புளமாம். இத்தனை வருஷமாக யாருமே அவரைக் கேட்கவில்லை.

இந்த நாற்காலியில் நான் இருக்கும்வரை, அதைக் கேட்காமல் ஒரு புத்தகமும் என் கையை விட்டுப் போகாது. இது சத்தியம், அக்கா.

உன்னிடம் கேட்டிருக்கவே வேண்டாம். எனக்குத்தான் தெரியுமே.

உன் புத்தகத்தை எழுதிய அதே கையால்,
உன் தம்பி சேகர்