ரதியக்காவுக்குச் சொன்ன பதில்

ஒக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

பின்னேரம் ரதியக்கா எட்மண்டனிலயிருந்து பஸ் மாறி மாறி, தான் பொரிச்ச மட்டன் ரோல்ஸோட வந்தா. அவவின்ர மகன் கபிலன் யூனிவேர்சிட்டியில என்னட்டை அரசியல் தத்துவம் படிச்சவன். இப்ப ஒரு வலதுசாரி எம்பிக்கு வெளியுறவு விஷயங்கள் எழுதிக் குடுக்கிறான். அவன்ர முதல் அறிக்கையை என்ர கையில தந்து, "எல்லாம் உங்களாலதான் டீச்சர்" எண்டா.

அவ பாத்துக்கொண்டிருக்க வாசிச்சன். ஒரு அரசாங்கம் போருக்குப் போறதின்ர உண்மைக் காரணத்தைச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லையாம். சனம் தாங்காதாம். அடிக்குறிப்பில நான் இத்தனை வருஷமாப் படிப்பிக்கிற தத்துவவாதியின்ர பெயர். அந்த மனுசன் எப்பவோ செத்துப்போனார். அவரிட்டைப் படிச்சவைதான் ஒரு வல்லரசின்ர அரசாங்கத்துக்குள்ள புகுந்து, பொய்க் காரணம் சொல்லி ஒரு போரைத் தொடக்கினவை எண்டு ஒரு பகுதி ஆக்கள் இன்னும் சண்டை பிடிக்கினம். மாணவர் செய்ததுக்கு ஆசிரியரில பழி போடக்கூடாது எண்டு என்ர ஆய்வில வாதாடினது நான்தான். இண்டைக்கு அது எனக்கே உதவேல்லை. வகுப்பில அவரின்ர இந்தக் கருத்தை விளக்கினனான், அவ்வளவுதான். சரியெண்டு சொல்லேல்லை. பிழையெண்டும் சொல்லேல்லையே.

ரதியக்காவுக்கு இங்கிலிஷ் வாசிக்க ஏலாது. ஊரில தம்பியை ஷெல்லடியில பறிகுடுத்தவ.

"பெடியன் என்ன எழுதியிருக்கிறான் டீச்சர்? நல்ல விஷயமோ?"

"ஓம் அக்கா, நல்ல விஷயந்தான்."

முகமெல்லாம் சிரிப்போட போனா. ரோல்ஸ் இன்னும் மேசையில கிடக்கு, ஒண்டும் தொடேல்லை.

உண்மையைச் சொன்னால் அவ தாங்கமாட்டா எண்டு நினைச்சுத்தான் அப்பிடிச் சொன்னனான்.