உன் இடது கண் வந்துவிட்டது, மச்சான்

செத்தும் என்னை நிம்மதியாக இருக்கவிடாத என் அன்பு மச்சான் சிவலிங்கத்துக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. நம் தோட்டத்து லய வீடுகளுக்கெல்லாம் கரண்ட் வந்துவிட்டது. உன் வீட்டில் எல்லாரும் சுகம். எனக்குத்தான் சுகமில்லை, படம் வரைகிறேன்.

சிரிக்காதே. தோட்டத்தில் யார் செத்தாலும் அவருடைய அடையாள அட்டையை உன்னிடம்தானே கொண்டுவருவார்கள்? அந்தப் பொட்டளவு போட்டோவில் கட்டம் போட்டு, மாலை போடுகிற அளவுக்குப் பெரிதாக வரைந்து கொடுப்பாய். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லையென்று உனக்குக் கடைசிவரை அட்டையே கிடைக்கவில்லை. ஊர் முகத்தையெல்லாம் வரைந்தவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை. கருமாதியன்று உன் வீட்டுக்காரி அதைச் சொல்லி அழுதபோது என் வாய் சும்மா இருந்ததா?

"அழாத தங்கச்சி, வருசத் தெவசத்துக்கு நான் வரைஞ்சு தர்றேன்."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அங்கேயும் மாம்பழம் வரைந்து, கத்தரிக்காய்க்கு மார்க் வாங்கியவன்.

இரக்கத்தால் மட்டும் அப்படிச் சொல்லவில்லை, மச்சான். பொறாமை. என் வீட்டுச் சுவரில், என் வீட்டுக்காரி பவளத்தை நேரில் உட்காரவைத்து நீ வரைந்த படம் தொங்குகிறது. அதில் அவள் காதுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு. பதினாறு வருஷம் அவளோடு குடும்பம் நடத்திய எனக்கு, உன் படத்தைப் பார்த்துத்தான் அது தெரிந்தது. இரண்டு மணி நேரம் எதிரே உட்கார்ந்தவன் கண்ணில் பட்டது எனக்கு எப்படித் தப்பியது?

மழையால் பால் வெட்டு இல்லாத நாளெல்லாம் வரைந்தேன். ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு கடையில் அழிரப்பர் வாங்குவதா? உன்னை மாதிரியே, மரத்தில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உருட்டிவைத்துத் தேய்த்தேன். மூக்கு இருந்த இடத்தில் ஓட்டை. வீடெல்லாம் நாற்றம்.

மூன்றாவது படத்தை என் மூத்த மகள் எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா இது, மருந்து குடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவா?"

"சிவலிங்கம் மாமாடி."

"மாமாவுக்கு ரெண்டு கண்ணும் ஒரே மூஞ்சியிலதானே இருந்துச்சு!"

போன கிழமை கண்ணில் வெளிச்சம் வைக்கப் போய் மறுபடியும் தேய்த்தேன். அடுப்படியிலிருந்து பவளம் கத்தினாள்.

"ஐயோ, தேய்க்காதீங்க! தொட்டுத் தொட்டு எடுங்க. அண்ணன் அப்படித்தான் செஞ்சாரு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அவரு என் மூஞ்சியப் பாத்தாரு. நான் அவரு கையப் பாத்துக்கிட்டு இருந்தேன். வேற என்னா வேல எனக்கு?"

எனக்கு ஏன் நீ இதைச் சொல்லவில்லை? நான் கேட்கவும் இல்லைதான். கேட்டால் நீ பெரிய ஆளாகிவிடுவாயே.

ஒட்டுப்பாலைக் கூராக உருட்டிக் கருவிழியில் மெல்ல ஒத்தினேன். கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. இடது கண்ணில் நீ வந்துவிட்டாய். என்னைக் கேலி பண்ணப் போகிற நேரத்துப் பார்வை, அப்படியே. பவளம் அகப்பையோடு கிட்ட வந்தாள். படத்தைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள்.

என்னை அப்படி வரவேற்று எத்தனை காலம்! அதற்கும் எனக்குப் பொறாமை.

வலது கண் இன்னும் டிஸ்பென்சர் ஐயாவுடையதுதான். இரண்டு மாதம் இருக்கிறது. திவசத்தன்று உன் முழு முகமும் உன் வீட்டுச் சுவரில் இருக்கும், இது சத்தியம். அதற்குப் பிறகு பவளத்தை நானே வரைவேன். அந்தத் தழும்பு எப்படி வந்ததென்று நேற்றுத்தான் அவளிடம் கேட்டேன்.

உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஒட்டுப்பால் நாறும் கையோடு,
உன் மச்சான் ராமையா