அண்ணன் அனுப்பின சத்து மாத்திரை

என் கண்ணு விமலுக்கு அம்மா சொல்லச் சொல்ல துளசி எழுதுகிறாள். இங்கே அப்பா, நான், தங்கச்சி மூணு பேரும் சுகம், மஸ்கட் வெயிலில் நிற்கிற உன் உடம்பை நினைத்துத்தான் கவலை. தாமல் ஊர்க் கலியன் லீவு முடிந்து சனிக்கிழமை பிளேன் ஏறுகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தோடு முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், ரூமில் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிடாமல் நீயும் சாப்பிடு. அப்பா தறியில் ஒரு முகூர்த்தப் புடவை ஓடுகிறது. எனக்குக் கேன்சர் மாத்திரை ஒத்துக்கொள்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. நீ அனுப்பின சத்து மாத்திரைதான் என்னை நடமாட வைக்கிறது, டப்பா தீரப்போகிறது, இன்னும் ரெண்டு அனுப்பு கண்ணு.

அண்ணா, இதுவரைக்கும் அம்மா சொன்னது. சுகம் என்று எழுதும்போதே எனக்குக் கை ஓடவில்லை. அவங்க தூங்கின பிறகு மிச்சப் பக்கத்தில் நான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அது அம்மா தலைமாட்டை விட்டு நகராது, நீ பேசினால் ஸ்பீக்கரில்தான் போடுவாங்க.

அம்மாவுக்கு வாயெல்லாம் புண். மோர் சாதம்கூட எரிகிறது என்று கரைத்துக் குடிக்கிறாங்க, அதுவும் வயிற்றில் தங்குவதில்லை. உள்ளங்கை சிவந்து தோல் உரிகிறது. அப்பாவின் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார்ந்தபோது உரிந்த தோலில் பட்டு இழை மாட்டி மாட்டி அறுந்தது. நீ எழுந்துரும்மா, நான் சுத்திக்கிறேன் என்றார் அப்பா. ஏன், என் கை ராசி போயிடுச்சா என்று அம்மா சிரித்தாங்க. அப்பா அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டார்.

போன திங்கள்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். நான் கொடுக்கிற மாத்திரை அளவுக்கு இவ்வளவு புண் வரக்கூடாதே, ஒரு வாரம் கேன்சர் மாத்திரையை நிறுத்திட்டு அடுத்த திங்கள் வாங்க என்று சொன்ன டாக்டர், வேற மாத்திரை, சத்து மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா என் காலை மிதித்து, ஒண்ணுமில்ல சார் என்றாங்க. பஸ்ஸில் கேட்டால், அது மருந்து இல்லடி, உங்க அண்ணன் அனுப்பினது, டாக்டர் பாட்டுக்கு வேணாம்னு சொல்லிட்டா புள்ள மனசு என்னாகும் என்கிறாங்க.

எங்கள் ஸ்கூலில் வாராவாரம் நீல மாத்திரை கொடுப்பாங்க இல்லையா, அதைக் கொடுக்க வந்த நர்ஸம்மாவிடம் உன் டப்பாவில் இருந்த பெயர்களைக் காட்டி, கேன்சர் மாத்திரை போடுற பிரெண்டோட அம்மாவுக்கு இது ஆகுமா என்று கேட்டேன். இதுல இருக்கிற ஃபோலிக் ஆசிட் கெட்டது இல்லம்மா, உங்களுக்கு ரத்தத்துக்கு அதைத்தான் கொடுக்கிறோம், கீரையிலயும் இருக்குது. ஆனா சில கேன்சர் மருந்தோட இது அதிகமா சேர்ந்தா அந்த மருந்து உடம்பு தாங்காத அளவுக்கு வேலை செய்யும். டாக்டர்கிட்ட மறைக்கவே கூடாது, டப்பாவையே எடுத்துக்கினு போய்க் காட்டச் சொல்லு என்றாங்க. பிரெண்டோட அம்மாதானே என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. ஆமாம் என்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். அண்ணன் எனக்கு வாங்கிக் கொடுத்தா உனக்கு ஏன்டி வயிறு எரியுது என்றாங்க. கேன்சர் மாத்திரை நிறுத்தின இந்த வாரமும் உன் மாத்திரையை விடவில்லை. வர்ற திங்கள் ரெண்டையும் சேர்த்துப் போடுவாங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்குது அண்ணா. அன்றைக்கு டப்பாவை என் ஸ்கூல் பையில் கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைப்பேன், காலை மிதித்தாலும் சொல்வேன். ஆனால் வீட்டில் நடப்பது உன் பேச்சுத்தான். ஞாயிற்றுக்கிழமையே கூப்பிடு. தப்பு பண்ணிட்டேன் என்று அழாதே, உன்னைத் தேற்றுவதற்காகவே இன்னும் ஒன்று போட்டுக்கொள்வாங்க. எனக்குத்தான் சோர்வா இருக்குது, அந்த டப்பா எனக்கு வேணும், எடுத்து வைம்மா என்று சொல். நீ சாப்பிட்ட தட்டில்கூட எங்களைச் சாப்பிட விடாதவங்க, உனக்கு என்று எடுத்து வைத்ததைத் தொடமாட்டாங்க.

காமாட்சி உனக்குத் துணையிருப்பாள், நூறு வயசு நல்லா இருப்பே என்று எழுதச் சொன்னாங்க. மாத்திரை அனுப்ப மறக்காதே என்று முடிக்கச் சொன்னாங்க. அதை மட்டும் மறந்துவிடு அண்ணா.

இப்படிக்கு,
அம்மா ரேணுகாம்பாள்
எழுதியது துளசி