அம்மா ஊறவைத்த ஜாடி

பிரிக்பீல்ட்ஸ்,
20.11.1986

அன்பு மகள் பெர்னடெட்டுக்கு அப்பா எழுதுவது. மாதா துணையால் இங்கே நான் சுகம், டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், நர்சிங் ஹாஸ்டலில் சோறு போடுகிறார்களா, கையுறை வாங்கினாயா, எழுது.

சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அம்மாவை அடக்கம் செய்ததிலிருந்து எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை. சளி இல்லை, டாக்டர் விளக்கடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். கப்பலில் வரும் வைனை ருசி பார்த்துத் தரம் சொல்வதுதானே என் வேலை, போர்ட் கிள்ளான் ஸ்டோரில் வைனை ஊற்றி, கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் வைத்துத் துப்புகிறேன், புளிப்பும் துவர்ப்பும் தெரிகிறது, மற்றபடி தண்ணீர்தான். கெமிஸ்ட்ரி படித்தவன், அமிலத்தையும் சர்க்கரையையும் அளந்து சொல்லிவிடுவேன், ஆனால் நல்லதா கெட்டதா என்று மூக்குதானே சொல்லவேண்டும். மேனேஜர் மரியநாயகத்திடம் சொன்னேன். "கிறிஸ்மஸ் சரக்கு வரட்டும் லா, அப்பவும் வாசம் தெரியலன்னா நீ ஸ்டோர் கவுண்டருக்கு மாறிக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டிலும் அப்படித்தான். போன வாரம் அடுத்த வீட்டு நல்லம்மாள் அக்கா ஓடிவந்து, "தம்பி, சோறு தீஞ்சு ரோடே நாறுது, நீ பேப்பர் படிக்கிறியா" என்று அடுப்பை அணைத்தார்.

கேக்குக்காக அம்மா வருஷா வருஷம் திராட்சையும் செர்ரியும் ஊறவைக்கும் கண்ணாடி ஜாடி ஞாபகம் இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இந்த வருஷமும் போட்டுவிட்டுத்தான் போனாள். அவள் வைத்தபடியே இருக்கட்டும் என்று நான் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், நான் கொண்டுவரும் மிச்ச சாம்பிள் வைனை அதில் ஊற்றிக் கிளறி நிரப்பி வைப்பாளே, அதை மறந்துவிட்டேன், ஜாடி பாதியாக வற்றிவிட்டது. பாதி பாட்டிலைத் திறந்துவைத்தால் காற்றுப் பட்டுப் புளித்துவிடும் என்று ஓட்டல்காரர்களுக்கெல்லாம் சொல்கிறவன் நான். போன ஞாயிறு அலமாரியைத் துடைக்க ஜாடியை இறக்கினேன், மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் அடித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்த முதல் வாசம் அதுதான் மகளே. சமையலறைத் தரையில் உட்கார்ந்து மறுபடி மறுபடி முகர்ந்தேன். நெடிக்கு அடியில் ஆரஞ்சுத் தோல் வந்தது, பிறகு கிராம்பு.

மறுநாள் கிறிஸ்மஸ் சரக்கு திறந்தார்கள். ஒரு பெட்டி வைனில் நனைந்த அட்டை நாற்றம், கார்க் கெட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பச் சொன்னேன். மரியநாயகமும் முகர்ந்து பார்த்து, "வந்துட்டான்யா ரபேல்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அந்த ஜாடி ஸ்டோருக்கு வந்திருந்தால் யோசிக்காமல் கொட்டச் சொல்லியிருப்பேன். இங்கே மேசைமேல் அப்படியே இருக்கிறது. கிராம்புக்குப் பிறகு இன்னொரு வாசமும் அதில் இருக்கிறது, என்னவென்று எனக்குப் பெயர் வரவில்லை. ஜாதிக்காய் இல்லை, பட்டை இல்லை, அடுப்படியில் இருக்கிற டின் எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டேன். அவள் போடும்போது நீதான் பக்கத்தில் நின்று ஜாடியைப் பிடித்துக்கொள்வாய். அது என்னவென்று மறக்காமல் எழுது. உன் பதில் வரும்வரை கொட்டமாட்டேன்.

மழையில் தலையை நனைக்காதே, இரவு ஜெபத்தை விடாதே. ஆண்டவரும் அம்மாவும் உன் பக்கத்தில் இருப்பார்கள்.

என்றும் உன் அப்பா,
ரபேல்