பாட்ரீசியாவின் காலடி இருட்டு

மார்ச் 3
நேப்பிள்ஸில் வாயை அடக்குவது யாருக்குமே கஷ்டம். எனக்கு முடியவே முடியாது. பழைய ஓவியங்களைப் புதுப்பிப்பது என் தொழில். பேட்டைக் கோயிலின் புனித பாட்ரீசியா ஓவியத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது பங்குச் சாமியார் டோன் எமிதியோ வந்தார். "காலடியில மட்டும் ஏன்மா இவ்ளோ இருட்டு?" விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தேன். இறக்கை மாதிரி ஒரு கீறல். பின்னாளில் யாரோ கறுப்பைப் பூசிவிட்டார்கள், அடியில் தேவதை இருக்கிறாள் என்று கதை அளந்துவிட்டேன்.

மார்ச் 4
அதற்குள் பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. பலகாரக் கடை நுன்சியாத்தா தேவதை பிஸ்கட் சுட்டுவிட்டாள். லாட்டரிக் கடையில் தேவதைக்கு எந்த எண் என்று அடிதடி. கனவில் எலி வந்தாலே எண் பார்த்துச் சீட்டு வாங்குகிற ஊர் இது.

மார்ச் 9
இருட்டின் ஓரத்தில், கடுகளவு இடத்தில், கரைப்பானில் நனைத்த பஞ்சை உருட்டினேன். பஞ்சில் மஞ்சள் வந்தது. பழைய வார்னிஷ். மறுபடி உருட்டினேன். பழுப்பு.

பழுப்பா? கையை எடுத்துவிட்டேன்.

அது யாரும் பின்னால் பூசியதல்ல. ஓவியர் கல்தியேரோ வரையும் முன் துணி முழுக்கப் பூசிய அடிப்பூச்சு. காலடியில் அதை அப்படியே விட்டுவைத்து, அதையே நிழலாக்கியிருக்கிறார். இறக்கை? பூச்சு ஈரமாக இருக்கும்போதே தூரிகைக் காம்பால் கீறிய அங்கி மடிப்பு. ஒன்றுமே வரையாமல் ஒரு தரையைக் காட்டியிருக்கிறான் மனுஷன்! சந்தோஷத்தில் கத்தலாம்போல இருந்தது. அப்புறம் பிஸ்கட் ஞாபகம் வந்தது.

மார்ச் 10
"இன்னும் கொஞ்சம் தேயேன்டி ரோசால்பா! வெளிய வர வெட்கப்படுறா போல" என்கிறாள் நுன்சியாத்தா. தேய்த்தால் நிழல் போய்விடும், பாட்ரீசியா அந்தரத்தில் தொங்குவாள். உண்மையைச் சொல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துத் தேய்ப்பார்கள். சொன்னா? என்னையத் தேய்ச்சுடுவாங்க.

மார்ச் 14, ஞாயிறு
பூசை முடிந்ததும் எழுந்து நின்றேன்.

"தேவதை இல்ல. நான்தான் கதை அளந்துட்டேன். அந்த இடத்துல கல்தியேரோ எதுவுமே வரையல. வேணும்னே விட்டிருக்காரு. தேய்ச்சா ஓவியமே போயிடும்."

முதலில் வந்தது நுன்சியாத்தாவின் குரல்: "வரையாத இடத்துக்கும் சேத்துக் கூலி வாங்கிட்டானா? நம்ம ஊர்க்காரனேதான்!"

கோயிலே சிரித்தது. சாமியார் மட்டும் குனிந்து அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 15
காபிக்கடையில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. லாட்டரியில் தேவதை எண் விழவில்லையாம், எல்லாருக்கும் காசு போச்சு.

மார்ச் 21
நுன்சியாத்தா பலகாரப் பெட்டியோடு வந்தாள். "உன்னை நெனச்சு லாட்டரில வாயாடி நம்பரையும் போட்டேன்டி. விழுந்துருச்சு!"

பிறகு ஓவியத்தின் முன் நின்றாள். இவள் இத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"நல்ல இருட்டுடி. இதுகிட்ட எவளாவது பஞ்சைக் கொண்டு வரட்டும், கைய ஒடிச்சிடுறேன்."